உபுண்டு, மின்ட்டைத் தாண்டி: அதிகம் பேசப்படாத டிஸ்ட்ரோக்களில் எது எந்த வேலைக்கு?

#1 சுடோ_சுப்பு

‘எந்த லினக்ஸ் போடலாம்’ என்று யார் கேட்டாலும் உபுண்டு, மின்ட், ஃபெடோரா, கொஞ்சம் வீம்பு பிடித்தவர் பதில் சொன்னால் ஆர்ச். இந்த நாலு டிஸ்ட்ரோவைத் (லினக்ஸ் கர்னலோடு மற்ற மென்பொருள்களையும் தொகுத்துத் தரும் முழு ஓஎஸ்) தாண்டிப் பேச்சு நகர்வதே இல்லை. டிஸ்ட்ரோவாட்ச் பட்டியலில் மேலே இருப்பதைப் பார்த்து ‘இதைப் போடு’ என்பது இன்னும் மோசம். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற கணக்கு இல்லை அது. அந்தத் தளத்தில் எந்த டிஸ்ட்ரோவின் பக்கத்தை எவ்வளவு பேர் திறந்து பார்த்தார்கள் என்பது மட்டும்தான்.

அதனால் இந்த இழைக்கு ஒரே ஒரு நிபந்தனை. பெயரை மட்டும் போட்டுவிட்டு ஓடாதீர்கள். எந்த வேலைக்கு, எதனால், எங்கே உதைக்கும், மூன்றையும் எழுதுங்கள். உபுண்டுவுக்கு மேல் வேறு ஐகானும் வால்பேப்பரும் ஒட்டியதைத் தனி டிஸ்ட்ரோ என்று கொண்டுவராதீர்கள், அதை யாரும் அரை மணி நேரத்தில் செய்துகொள்ளலாம்.

நானே தொடங்குகிறேன். வாய்ட் லினக்ஸ். தினசரி வேலைக்கு, ஆனால் உள்ளே என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு. நெட்பிஎஸ்டி டெவலப்பராக இருந்த ஒருவர் எக்ஸ்பிபிஎஸ் என்ற தன் பேக்கேஜ் மேனேஜரைச் சோதிக்க 2008ல் ஆரம்பித்தது, டெபியனிலிருந்தோ ஆர்ச்சிலிருந்தோ கிளைத்தது இல்லை. சர்வீஸ்களைக் கிளப்பிக் கவனிக்கும் வேலைக்குப் பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் இருக்கும் சிஸ்டம்டி கிடையாது, ரன்இட் தான். ஒரு சர்வீஸ் என்றால் ஈடிசிக்குள் எஸ்வி என்ற ஃபோல்டரில் அதற்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் ‘ரன்’ என்ற பெயரில் நாலைந்து வரி ஷெல் ஸ்கிரிப்ட். அதற்கு வாருக்குள் இருக்கும் சர்வீஸ் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டால் 5 வினாடிக்குள் ஓட ஆரம்பித்துவிடும், ஏனென்றால் ரன்இட் அந்த ஃபோல்டரை 5 வினாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கிறது. லிங்கை எடுத்தால் நின்றுவிடும். ஒரு சர்வீஸ் ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க அந்த நாலு வரியைப் படித்தாலே போதும்.

உதைக்கும் இடங்கள்: ஆர்ச்சில் பயனர்களே சேர்க்கும் ஏயூஆர் மாதிரி எல்லாம் கிடைக்கும் கடல் இங்கே இல்லை. குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ் ஃபோர்க்குகளை (அவற்றிலிருந்து கிளைத்த பிரவுசர்களை) பொதுவாக ரெப்போவில், அதாவது தங்கள் மென்பொருள் களஞ்சியத்தில், சேர்க்க மாட்டார்கள், அது அவர்கள் கொள்கை. சிஸ்டம் லாக் எழுத எதுவும் தானாக வராது, சாக்லாக் நீங்களே போட வேண்டும். பழைய கர்னல்களையும் தானாக அழிக்காது. பூட்டுக்குத் தனி பார்ட்டிஷன் சின்னதாக வைத்திருந்தால் ஒருநாள் அப்டேட் நடுவில் இடம் இல்லாமல் நிற்கும், விகேபர்ஜ் என்று ஒரு கட்டளை அதற்காகவே இருக்கிறது. மஸல் பதிப்பா ஜிலிப்சி பதிப்பா (இரண்டும் மென்பொருள்கள் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரிகள்) என்று குழம்பினால் ஜிலிப்சி எடுங்கள். மஸலில் என்விடியாவின் சொந்த டிரைவர் ஓடாது.

#2 பழைய_இரும்பு

அண்ணா, நல்ல இழை. என் கேள்வி கொஞ்சம் கீழ்மட்டம். பழைய மடிக்கணினி ஒன்று, 1 ஜிபி ரேம், 32 பிட் என்று நினைக்கிறேன். தூக்கிப் போட மனசு வரவில்லை. டைப் செய்ய, பிடிஎஃப் படிக்க, எப்போதாவது இணையம். எது ஓடும்?

#3 நள்ளிரவு_ரூட்

‘என்று நினைக்கிறேன்’ போதாது தம்பி. முதலில் ஏதாவது ஒரு லைவ் பென் டிரைவில் பூட் செய்து எல்எஸ்சிபியு கட்டளை அடித்துப் பாருங்கள். 32 பிட், 64 பிட் இரண்டும் என்று காட்டினால் பிராசஸர் 64 பிட்தான், உள்ளே போட்டிருந்த பழைய ஓஎஸ் மட்டும் 32 ஆக இருந்திருக்கும். சில ஆட்டம் பிராசஸர் மெஷின்களில் இன்னொரு கூத்து உண்டு, பிராசஸர் 64 பிட், யூஇஎஃப்ஐ (ஓஎஸ்ஸை பூட் செய்யும் ஃபர்ம்வேர்) மட்டும் 32 பிட். அதில் சாதாரண 64 பிட் ஐஎஸ்ஓ பூட்டே ஆகாது, உடனே ‘மெஷின் செத்துவிட்டது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

நிஜமாகவே 32 பிட் என்றால் ஆன்டிஎக்ஸ். வேறு பேச்சே வேண்டாம்.

#4 சுடோ_சுப்பு

ரூட் சொன்னதோடு கொஞ்சம் சேர்க்கிறேன், இந்தக் கேள்வி எல்லா இடத்திலும் வருவதால்.

32 பிட் கதவு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகிறது. ஆர்ச் 2017லேயே நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13ல் 32 பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கர்னலும் இல்லை. ஆன்டிஎக்ஸ் 23 டெபியன் 12ஐ அடிப்படையாகக் கொண்டது, அதில் 32 பிட் ஐஎஸ்ஓ உண்டு, சிஸ்டம்டி இல்லை. ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் என்று எடை குறைந்த விண்டோ மேனேஜர்கள் உள்ளேயே இருக்கும், லாகின் செய்யும்போது மாற்றிக்கொள்ளலாம். பார்க்க அழகாக இருக்காது. கன்ட்ரோல் சென்டரைத் திறந்தால் 2005க்குப் போய்விட்ட மாதிரி இருக்கும். ஆனால் வைஃபை, சவுண்ட், திரை அளவு, பேக்கப், எல்லாம் அந்த ஒரே விண்டோவில் இருக்கிறது, அதுதான் அதன் பலம்.

உண்மையான எதிரி ஓஎஸ் இல்லை, பிரவுசர். 1 ஜிபியில் ஓஎஸ் நிம்மதியாக உட்காரும், நாலு டேப் திறந்ததும் ஸ்வாப் (ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்துவது) ஆரம்பித்து ஹார்ட் டிஸ்க் லைட் அணையாமல் எரியும். அதுவும் 32 பிட்டில் குரோம் 2016லேயே போய்விட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 144வது பதிப்போடு 32 பிட் லினக்ஸை நிறுத்திவிட்டது, இஎஸ்ஆர் 140 என்ற நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரையாவது அப்டேட் என்று அறிவித்தார்கள். ஆகவே ‘எப்போதாவது இணையம்’ என்பதை நிஜமாகவே எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள், பாங்க் வேலையை அதில் செய்யாதீர்கள். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு சின்ன எஸ்எஸ்டி போட முடிந்தால் எந்த டிஸ்ட்ரோ மாற்றத்தைவிடவும் அதுதான் கண்ணுக்குத் தெரியும்.

#5 தாளக்கட்டு

பப்பி லினக்ஸை ஏன் யாரும் சொல்லவில்லை?

#6 நள்ளிரவு_ரூட்

ஏனென்றால் பப்பியில் எல்லாமே ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள யூசராக, ஓடுகிறது. என் பெயரில் ரூட் இருக்கிறது என்பதற்காக நான் பிரவுசரை ரூட்டில் ஓட்ட மாட்டேன்.

#7 மின்மினி

ரூட் பற்றிய பயம் நியாயம்தான், ஆனால் பப்பியின் கட்டமைப்பைப் பார்த்துவிட்டுப் பேசலாம். ஐஎஸ்ஓவில் இருக்கும் சிஸ்டம் ஒரு ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைல், படிக்க மட்டும்தான் முடியும். மொத்தமாக ரேமில் ஏறிவிடும். நீங்கள் செய்யும் மாற்றங்கள் அதற்கு மேல் ஒரு தனி அடுக்கு, அதைத்தான் சேவ்ஃபைல் என்கிறார்கள். ஷட்டவுன் செய்யும்போது சேமிக்காமல் போனால் அன்றைக்குச் செய்த குளறுபடி அத்தனையும் காணாமல் போய்விடும். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டுக்கூட வேலை செய்யலாம். 2003ல் பேரி காலர் ஆரம்பித்தபோது இருந்த யோசனை இதுதான், இன்றைக்கும் அது மாறவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு குழப்பம் வரும், பப்பி என்பது ஒரே டிஸ்ட்ரோ இல்லை. உபுண்டு 20.04 பேக்கேஜ்களில் கட்டியது ஃபாஸாபப், டெபியன் 12ல் கட்டியது புக்வார்ம்பப், ஸ்லாக்வேரில் கட்டியவையும் உண்டு. ‘பப்பி போட்டேன், வேலை செய்யவில்லை’ என்பவர்களிடம் எந்தப் பப்பி என்று கேட்காமல் பதில் சொல்ல முடியாது.

உதைக்கும் இடம்: பலர் பயன்படுத்தும் கணினிக்கு ஆகாது. பாதுகாப்பு அப்டேட் என்ற பேச்சும் டெபியனில் வருவது மாதிரி ஒழுங்காக வராது. பழைய மெஷினில் எழுத, படிக்க, ஒரு டிஸ்க்கிலிருந்து ஃபைல்களைக் காப்பாற்றி எடுக்க என்றால் தாராளமாக எடுக்கலாம்.

#8 பழைய_இரும்பு

டைனி கோர் 20 எம்பிதான் என்கிறார்களே, அது இன்னும் வேகமாக இருக்காதா?

#9 மின்மினி

இருக்கும், ஆனால் அதில் உங்கள் வேலை எதுவும் இருக்காது :)

டெர்மினல் மட்டும் உள்ள கோர் சுமார் 17 எம்பி, குட்டி டெஸ்க்டாப் சேர்த்தது சுமார் 23 எம்பி. அந்த 23 எம்பிக்குள் பிரவுசர் இல்லை, வைஃபை டூல்கூட இல்லை. வைஃபை டூலை இணையத்திலிருந்து இறக்க வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும், அந்த வட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் கோர்ப்ளஸ் என்ற பெரிய ஐஎஸ்ஓ இருக்கிறது. ஒவ்வொரு மென்பொருளும் ஒரு எக்ஸ்டென்ஷன், பூட் ஆகும்போது அதை மவுன்ட் செய்கிறது, அதாவது ஃபைல் சிஸ்டத்தில் இணைக்கிறது. நீங்கள் மாற்றிய ஃபைல் எதுவானாலும் பேக்கப் பட்டியலில் அதன் பெயர் இல்லையென்றால் அடுத்த பூட்டில் இருக்காது. ஹோம், ஆப்ட் இரண்டும் பட்டியலில் முதலிலிருந்தே உண்டு, ஈடிசிக்குள் கை வைத்தால் நீங்கள்தான் சேர்க்க வேண்டும். ஒரே ஒரு வேலையைச் செய்யும் பெட்டி, உதாரணமாக ஒரு திரையில் ஒரே பக்கத்தைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்றால் அருமை. பவரைப் பிடுங்கினாலும் ஃபைல் சிஸ்டம் கெடாது. உங்களுக்கு ஆன்டிஎக்ஸ்தான்.

#10 வட்டுவைத்தியர்

காப்பாற்றி எடுப்பது என்ற பேச்சு வந்துவிட்டதால் என் தொழில் பக்கம் கொஞ்சம். தினமும் பயன்படுத்தாவிட்டாலும் எல்லாரிடமும் இருக்க வேண்டிய டிஸ்ட்ரோ ஒன்று உண்டு என்றால் அது சிஸ்டம்ரெஸ்க்யூ. ஆர்ச்சை அடிப்படையாகக் கொண்டது, இன்ஸ்டால் செய்வதற்கானது இல்லை, பென் டிரைவிலிருந்து பூட் செய்து வேலையை முடித்துவிட்டு மூட வேண்டியது. பார்ட்டிஷன் பிரிக்க ஜிபார்ட்டெட், தொலைந்த பார்ட்டிஷனை மீட்க டெஸ்ட்டிஸ்க், கெட்டுப்போகும் டிஸ்க்கை நகலெடுக்க டிடிரெஸ்க்யூ, டிஸ்க்கின் ஆரோக்கியம் பார்க்க ஸ்மார்ட் சோதனை எல்லாம் உள்ளேயே இருக்கும். பூட் மெனுவில் எல்லாவற்றையும் ரேமுக்கு நகலெடு என்று ஒரு தேர்வு உண்டு, அதைக் கொடுத்தால் பென் டிரைவைக் கழற்றிவிட்டு அந்த யுஎஸ்பி போர்ட்டில் வேறு டிஸ்க் செருகலாம். போர்ட் குறைந்த மடிக்கணினியில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று மாட்டினவருக்குத்தான் தெரியும்.

டிஸ்க் சாகிற நிலையில் இருந்தால் பெரும்பாலானோர் செய்வது என்ன? மவுன்ட் செய்து ஃபைல் மேனேஜரில் இழுத்துப் போடுவது, நடுவில் தொங்கினால் ஃபைல் சிஸ்டத்தைச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே ஓட்டுவது. இரண்டும் மிச்ச உயிரையும் எடுத்துவிடும். எஃப்எஸ்சிகே டிஸ்க்கில் எழுதுகிறது ஐயா, சாகிற டிஸ்க்கில் ஒரு பிட்கூட எழுதக்கூடாது. மவுன்ட் செய்யாமல் டிடிரெஸ்க்யூவை வைத்து முழு டிஸ்க்கையும் வேறு பெரிய டிஸ்க்கில் ஒரு இமேஜாக எடுங்கள், எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப்ஃபைலின் பெயரைக் கட்டாயம் கொடுங்கள். முதல் சுற்றில் சுலபமாகப் படிக்க வருவதை எல்லாம் அள்ளிக்கொண்டு, அடம் பிடிக்கும் இடங்களைத் தாண்டிப் போகும். பிறகுதான் விட்ட இடங்களைச் சுரண்ட வரும். மேப்ஃபைல் இருப்பதால் நடுவில் நிறுத்தி, டிஸ்க் ஆறின பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அது இல்லாமல் ஓட்டினால் மறுபடி முதலிலிருந்துதான். டெஸ்ட்டிஸ்க், ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக் எல்லாம் அந்த இமேஜின் மேல்தான் ஓட்ட வேண்டும், ஒரிஜினலைத் தொடவே கூடாது. டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் இது எதுவும் வேண்டாம், உடனே பவரை எடுத்துவிட்டு சுத்த அறை வைத்திருப்பவர்களிடம் கொடுங்கள்.

டெர்மினல் மட்டும் போதும் என்பவர்களுக்கு ஃபின்னிக்ஸ், 2000லிருந்து வருகிறது, டெபியன் அடிப்படை. முழு டிஸ்க்கை அப்படியே குளோன் செய்ய குளோன்ஸில்லா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பென் டிரைவ் வாங்காதீர்கள், வென்டாய் போட்டு எல்லா ஐஎஸ்ஓவையும் ஒன்றில் போட்டுக்கொள்ளுங்கள்.

#11 சுடோ_சுப்பு

இதைத் தனி இழையாகவே போடலாம் ஐயா. முக்கியமாக எஃப்எஸ்சிகே விஷயம்.

#12 திருத்தி

சரி, நிக்ஸ்ஓஎஸ் பேச்சு இன்னும் வரவில்லை, ஆச்சரியமாக இருக்கிறது. நானே ஆரம்பிக்கிறேன்.

மற்ற டிஸ்ட்ரோக்களில் சிஸ்டம் என்பது நீங்கள் இதுவரை அடித்த கட்டளைகளின் மொத்தக் குவியல். ஆறு மாதம் கழித்து எதை எதற்குப் போட்டோம் என்று உங்களுக்கே தெரியாது. நிக்ஸ்ஓஎஸ்ஸில் என்னென்ன பேக்கேஜ், எந்த சர்வீஸ், எந்த யூசர், ஃபயர்வாலில் எந்த போர்ட் திறந்திருக்கிறது, எல்லாம் ஒரே கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுதிவைப்பதுதான். ரீபில்ட் அடித்தால் அந்த ஃபைலில் எழுதியபடி சிஸ்டம் உருவாகும். பழைய சிஸ்டம் அழியாது, ஜெனரேஷன் என்று எண் போட்டு பூட் மெனுவில் நிற்கும். கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றி, திரை கறுப்பாகிவிட்டதா, ரீபூட் செய்து முந்தைய ஜெனரேஷனைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தது. புது மெஷின் வாங்கினால் அந்த ஃபைலை எடுத்துப் போய் ரீபில்ட் அடித்தால் கொஞ்ச நேரத்தில் பழைய மெஷின் மாதிரியே ஆகிவிடும். ஈல்கோ டால்ஸ்ட்ராவின் முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்த யோசனை, 2006.

#13 நள்ளிரவு_ரூட்

சொர்க்கம் பற்றி எழுதியாயிற்று, நரகம் பற்றியும் எழுதுங்கள். ஒரு மென்பொருள் கம்பெனி தருகிற லினக்ஸ் பைனரியை இறக்கி ஓட்டிப் பாருங்கள் பார்ப்போம்.

#14 திருத்தி

ஓடாது. ஒத்துக்கொள்கிறேன், காரணத்தையும் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் பைனரி ஒவ்வொன்றும், தனக்கு வேண்டிய லைப்ரரிகளை இணைத்துத் தரும் டைனமிக் லிங்க்கர் லிப்64 ஃபோல்டரில் இருக்கும் என்று நம்பி வருகிறது. நிக்ஸில் எல்லாமே நிக்ஸ் ஸ்டோருக்குள், நீளமான ஹாஷ் பெயரோடு இருக்கும் ஃபோல்டர்களில். வழக்கமான இடத்தில் அது தேடும் லைப்ரரி எதுவும் இல்லை. நிக்ஸ்-எல்டி போட்டால் பெரும்பாலானவை ஓடும், இல்லாவிட்டால் டிஸ்ட்ரோபாக்ஸில் ஒரு டெபியன் வைத்து அதற்குள் ஓட்டிக்கொள்ளலாம். இன்னொன்று, டிஸ்க் இடம். பழைய ஜெனரேஷன்களை அவ்வப்போது குப்பை அள்ளாவிட்டால் ஸ்டோர் வீங்கிக்கொண்டே போகும்.

அப்புறம் அந்த மொழி. எரர் செய்தி ஒரு பக்கத்துக்கு வரும், நீங்கள் விட்ட ஒரு செமிகோலன் எங்கே என்று மட்டும் நேராகச் சொல்லாது. முதல் ஒரு மாதம் உங்கள் வேலை எதுவும் நகராது, அதற்குத் தயாராக இருந்தால் மட்டும் வாருங்கள்.

#15 மின்மினி

மொழிதான் பிரச்சினை என்றால் கிக்ஸ். அதே யோசனை, ஆனால் எல்லாம் ஸ்கீமில் எழுதுவது, ஏற்கனவே ஒழுங்காக வடிவமைத்த மொழி. சர்வீஸ்களைக் கிளப்பும் இனிட்டும் ஸ்கீமில் எழுதிய ஷெப்பர்ட். ஆனால் குனூ திட்டம் என்பதால் லினக்ஸ்-லிப்ரே கர்னல், சுதந்திரமற்ற ஃபர்ம்வேர் எதுவும் இல்லை. இன்றைய மடிக்கணினிகளில் பாதிக்கு மேல் வைஃபை ஓடாது. வன்பொருளைப் பார்த்து வாங்கியவர்களுக்குத்தான் அது.

#16 தாளக்கட்டு

நான் கணினி ஆள் இல்லை, ரெக்கார்டிங் ஆள். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏவி லினக்ஸ். எம்எக்ஸ் லினக்ஸுக்கு மேல் கட்டியது, என்லைட்டன்மென்ட் டெஸ்க்டாப். உபுண்டு ஸ்டுடியோதான் எல்லாருக்கும் தெரியும், இது அவ்வளவாகத் தெரியாது.

சுப்பு சொன்ன ‘ஐகான் மாற்றியது’ வகை இல்லை இது. ஆடியோவில் பிரச்சினை எங்கே என்றால், பஃபர் 128 ஃபிரேம், 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் கணினிக்கு ஒவ்வொரு தடவையும் கிடைப்பது 2.7 மில்லிவினாடிக்கும் குறைவு. அதற்குள் எல்லா எஃபெக்டையும் கணக்குப் போட்டு முடிக்க வேண்டும், ஒருமுறை தவறினாலும் ‘டப்’ என்று ஒரு சத்தம் ரெக்கார்டிங்கில் ஏறிவிடும். ரியல்டைம் முன்னுரிமை, மெமரி லாக் வரம்பு, பிராசஸர் வேகத்தைக் குறைக்காமல் வைப்பது, இதெல்லாம் சாதாரண டிஸ்ட்ரோவில் தனித்தனியாகத் தேடித் திருத்த வேண்டும். இதில் செய்தே தருகிறார்கள்.

#17 சுடோ_சுப்பு

ஒரு குறிப்பு, பிரீஎம்ப்ட்-ஆர்டி என்ற ரியல்டைம் பேட்ச் தொகுப்பு 20 வருடத்துக்கு வெளியே இருந்துவிட்டு 2024ல் கர்னல் 6.12ல் உள்ளேயே சேர்ந்துவிட்டது. அதனால் ‘ஆடியோவுக்குத் தனி கர்னல்’ என்ற தேவை வருங்காலத்தில் குறையும். ஆனால் தாளக்கட்டு சொன்ன மற்ற அமைப்புகள் எல்லாம் இன்னும் வேண்டியதுதான்.

#18 நள்ளிரவு_ரூட்

பிரைவசிக்கு டெயில்ஸ், க்யூப்ஸ். யாராவது விளக்குங்கள், எனக்குத் தூக்கம் வருகிறது.

#19 மின்மினி

இரண்டும் வேறு வேறு வேலைக்கு, ஆனால் எல்லாரும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

டெயில்ஸ் பென் டிரைவிலிருந்து பூட் ஆகும், எல்லா இணைய இணைப்பும் டார் (யார், எங்கிருந்து என்பதை மறைக்கும் வலை) வழியாகத்தான் போகும், மூடியதும் அந்தக் கணினியில் தடம் இருக்காது. 2024 செப்டம்பரில் டார் திட்டத்தோடேயே இணைந்துவிட்டது. அதற்குள் போய் உங்கள் சொந்தப் பெயரில் இருக்கும் மெயிலில் லாகின் செய்தால் டெயில்ஸ் என்ன செய்ய முடியும்? தடம் மறைப்பது அதன் வேலை, வாயை மூடுவது உங்கள் வேலை.

க்யூப்ஸ் கண்டிப்பாகச் சொன்னால் லினக்ஸ் டிஸ்ட்ரோவே இல்லை, ஜென் ஹைப்பர்வைசர் (ஒரே கணினியைப் பல கணினிகள் மாதிரி பிரித்து ஓட்டும் மென்பொருள்) மேல் பல விர்ச்சுவல் மெஷின்கள். வேலைக்கு ஒன்று, பாங்குக்கு ஒன்று, கண்ட கண்ட இணைப்புகளைத் திறக்க ஒன்று, அது மூடியதும் அழிந்துவிடும். ஒவ்வொரு விண்டோவைச் சுற்றியும் ஒரு நிறம், சிவப்புக்கரை விண்டோவில் பாங்க் பாஸ்வேர்ட் அடிக்கப் போனால் கண்ணே தடுத்துவிடும். ஆனால் 16 ஜிபி ரேம் வேண்டும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள், மெஷின்களுக்குள் கிராஃபிக்ஸ் முடுக்கம் கிடையாது, அதனால் கேம் மறந்துவிடுங்கள், வீடியோவும் பிராசஸரை வாட்டும். பேட்டரியும் நிற்காது.

வீட்டில் ஓரமாக ஓடும் சின்ன சர்வருக்கு ஆல்பைன் பாருங்கள். கன்டெய்னர் இமேஜாக எல்லாருக்கும் தெரியும், ஓஎஸ்ஸாகப் போடுபவர் குறைவு. டிஸ்க்லெஸ் என்று ஒரு முறை உண்டு, பூட்டில் முழுவதும் ரேமுக்கு ஏறிவிடும், அமைப்புகளை எல்பியு கமிட் அடித்தால் மட்டும் மெமரி கார்டில் எழுதும். கார்டு தேயவே தேயாது. ஆனால் கமிட் அடிக்காமல் ரீபூட் செய்தால் செய்த மாற்றம் எல்லாம் போயிற்று. மஸல் என்பதால் பெரிய டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து முகவரியைத் தேடுவது) பதில்களில் சிக்கல் என்று பழைய பதிவுகளில் படிப்பீர்கள், மஸல் 1.2.4ல், அதாவது ஆல்பைன் 3.18ல் டிசிபி வழி தேடலும் வந்துவிட்டது. அந்தப் பதிவுகளை இன்னும் மேற்கோள் காட்டாதீர்கள்.

#20 வட்டுவைத்தியர்

எல்லாம் சரி. இந்தச் சின்ன டிஸ்ட்ரோக்களை நம்பிப் போட்டு, நாளைக்கு இழுத்து மூடிவிட்டால்?

#21 சுடோ_சுப்பு

நியாயமான கேள்வி, ஆனால் ‘சின்னது’ என்பது தவறான அளவுகோல். கிளியர் லினக்ஸின் பின்னால் இன்டெல் இருந்தது, 2025 ஜூலையில் அறிவித்த கையோடு பாதுகாப்பு அப்டேட்டையும் நிறுத்திவிட்டார்கள். ஸ்லாக்வேர் 1993லிருந்து பாட்ரிக் வோல்கர்டிங் என்ற ஒரே மனிதரைச் சுற்றித்தான் ஓடுகிறது. 14.2க்கும் 15.0க்கும் நடுவில் 2016லிருந்து 2022 வரை இடைவெளி, எல்லாரும் முடிந்தது என்றார்கள், ஆனால் அத்தனை வருடமும் பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. சோலஸ் 2023 ஆரம்பத்தில் தளமே திறக்காமல் கிடந்தது, ஜூலையில் 4.4 போட்டு எழுந்துவிட்டது. கிரஞ்ச்பேங்கை உருவாக்கியவர் 2015ல் போதும் என்று விட்டுவிட்டார், பயன்படுத்தியவர்கள் அதை பன்சன்லேப்ஸ் ஆக்கிவிட்டார்கள்.

நான் பார்ப்பது வேறு. ரெப்போ யாருடையது? பன்சன்லேப்ஸ், ஆன்டிஎக்ஸ் போன்றவற்றில் பெரும்பாலான பேக்கேஜ் டெபியனிலிருந்து நேராக வருகிறது, திட்டம் நின்றாலும் அடுத்த நாள் உங்கள் மெஷின் அநாதை ஆகாது. வாய்ட், சோலஸ், சைமேரா மாதிரி எல்லாவற்றையும் தாங்களே கட்டுபவை நின்றால் அன்றோடு சரி. அதனால் இரண்டாம் வகையில் போனால் கமிட் வரலாற்றை (கோட் மாற்றங்களின் பதிவை) திறந்து, கடைசியாக ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியில் பெரிய ஓட்டை வந்தபோது எவ்வளவு நாளில் அடைத்தார்கள், எத்தனை பேர் கை அதில் இருக்கிறது என்று பாருங்கள். ஃபோரத்தில் எவ்வளவு கூட்டம் என்பது ஒன்றுக்கும் உதவாது.

#22 நள்ளிரவு_ரூட்

சைமேரா என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள், அதற்கு ஒரு வரி: லினக்ஸ் கர்னல், மேலே குனூவுக்குப் பதில் ஃப்ரீபிஎஸ்டி கட்டளைகள், ஜிசிசி கம்பைலருக்குப் பதில் கிளாங், ஜிலிப்சிக்குப் பதில் மஸல், சிஸ்டம்டிக்குப் பதில் டினிட். குனூ/லினக்ஸ் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சண்டை பிடிப்பவர்களுக்கு முன் இதைப் போட்டுக் காட்ட வேண்டும். கோபோலினக்ஸும் அந்த ரகம், புரோகிராம்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மென்பொருளின் பெயர், அதற்குள் பதிப்பு எண். அழிக்க வேண்டுமா, ஃபோல்டரை அழி. இரண்டையும் விர்ச்சுவல் மெஷினில் போட்டு வேடிக்கை பாருங்கள், தினசரிக்கு வேண்டாம்.

#23 பழைய_இரும்பு

எல்எஸ்சிபியு அடித்தேன், 32 பிட் மட்டும்தான். ஆன்டிஎக்ஸ் 23 போட்டாயிற்று, ஐஸ்டபிள்யூஎம்மில் ஓடுகிறது, பிடிஎஃப் நன்றாகவே திறக்கிறது. ஒரே குறை, தமிழ்99ல் டைப் செய்ய முடியவில்லை. எஃப்சிஐடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டு மென்பொருளைப் போட்டேன், டெர்மினலில் இருந்து கிளப்பினால் வருகிறது, ரீபூட் செய்தால் காணோம். சில தளங்களில் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

#24 மின்மினி

கட்டம் என்றால் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ் இரண்டும் டெபியன் ரெப்போவிலேயே இருக்கின்றன, ஒன்று போதும்.

ரீபூட்டில் காணாமல் போவதற்குக் காரணம், பெரிய டெஸ்க்டாப்கள் செய்வது மாதிரி இந்த விண்டோ மேனேஜர்கள் எதையும் தானாகக் கிளப்பாது. உங்கள் ஹோமில் டெஸ்க்டாப்-செஷன் என்று புள்ளியில் ஆரம்பிக்கும் மறைந்த ஃபோல்டர் இருக்கும், அதற்குள் ஸ்டார்ட்அப் என்ற ஃபைலைத் திறந்து கடைசியில் எஃப்சிஐடிஎக்ஸ்5ஐக் கிளப்பும் கட்டளையை ஒரு வரியாகச் சேருங்கள், வரி முடிவில் ஆம்பர்சண்ட் குறி மறக்காதீர்கள். பல மொழி உள்ளீட்டு முறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பையும் போட்டால்தான் தமிழ்99 பட்டியலில் வரும். அதற்குப் பிறகும் பிரவுசரில் மட்டும் டைப் ஆகவில்லை என்றால் ஜிடிகேவுக்கும் க்யூட்டிக்கும் (விண்டோ, பட்டன்களை வரையும் லைப்ரரிகள்) உள்ளீட்டு முறை எது என்று சொல்லும் மாறிகள் அமையவில்லை, ஐஎம்-கான்ஃபிக் ஓட்டி எஃப்சிஐடிஎக்ஸ்5ஐத் தேர்ந்தெடுத்துவிட்டு லாக்அவுட் செய்து வாருங்கள்.

#25 பழைய_இரும்பு

வந்துவிட்டது அக்கா. ஐஎம்-கான்ஃபிக்கும் தேவைப்பட்டது. இந்தப் பதிலை அதில் இருந்துதான் அடிக்கிறேன், இந்த ஒரு டேப் மட்டும் திறந்து.